கஞ்சிக்கு வாங்காத ரசீது

எங்கள் கடற்கரை ஊர்ப் பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒவ்வொரு நாள் செலவும் ஒரு வீட்டுக்காரர் பொறுப்பு. என்னைப் பெற்ற வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு எங்கள் வீட்டு நாளை நான் ஏற்றுக்கொண்டேன். வாப்பாவின் வழக்கப்படி, பணத்தை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஜமாஅத் செயலாளருக்கு ஸலாம் சொல்லிக் கை கொடுக்கும்போதே அவர் கைக்கு மாற்றிவிட வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. ரசீதாவது ஒன்றாவது!

இதெல்லாம் தெரிந்தும் எனக்குப் புத்தி கெட்டுப்போனது. அரசுப் பள்ளி ஆசிரியனான நான் வருமான வரிக் கணக்குக் காட்ட ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

"நன்கொடை ஏதும் குடுத்தீகளா சார்?" என்றார் கடைக்காரர்.

கஞ்சி விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். நான் கொடுத்ததைப் போல நாலு மடங்கைத் தட்டினார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பி வந்தது. அதில் ஃபிரிட்ஜ் வாங்கினோம்.

மறு வருடம் வரித்துறையிலிருந்து மின்னஞ்சல். நன்கொடைக்குச் சான்று இல்லையென்றால் கணக்கைத் திருத்திக் கூடுதல் வரியோடு கட்டச் சொன்னார்கள். அவர்களாகப் பிடித்தால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதமாம்.

செயலாளரிடம் ஓடினேன்.

"இதுக்கா தம்பி இப்படி வேர்க்குது? தொகையைச் சொல்லுங்க, எழுதித் தாரேன்" என்று பேனாவைத் திறந்தார். எங்கள் நாள் என்ன தேதி என்று பார்க்க, கொடுத்தவர்கள் பெயரெழுதும் பழைய கஞ்சி நோட்டைப் புரட்டினார். எங்கள் நாளுக்கு நேரே பெயரே இல்லை.

"ஒங்க வாப்பா எழுத விட மாட்டாக. அதான் ஒங்க பேரையும் எழுதல."

வெட்கமாகிவிட்டது. நாலு மடங்குக்குப் பொய் ரசீது கொடுத்தால் என்னோடு அவரும் அல்லவா மாட்டுவார்? வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி சிரித்தாள். "கஞ்சி ஊத்துனதுக்கு அரசாங்கத்துக்கிட்ட கூலி கேட்டீகளாக்கும்?"

கோபம் வந்தது. மறுநாளே போய்க் கணக்கைத் திருத்தினேன். வரி, வட்டி, கூடுதல் வரி எல்லாம் கட்டியதில் ஃபிரிட்ஜ் விலையைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த ரமலானில் கை கொடுத்தபோது செயலாளர் புத்தம்புது ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். எனக்காகவே அச்சடித்தாராம்!

"பேரு போடவா தம்பி?"

"வேணாம். எங்க நாளு எப்பவும் போலயே இருக்கட்டும்."

அன்று மாலை கஞ்சி அருமையாக இருந்தது, இரண்டு கோப்பை குடித்தேன். வாப்பா கொடுத்தது போல நான் கொடுத்தது இந்த வருடம்தான்.