சாகுலின் பங்கு

சாகுலின் பங்கைச் சுருக்கியவன் நான்தான். சட்டப்படியே சுருக்கினேன். எந்த நீதிமன்றமும் என்னைத் திருடன் என்று சொல்லாது... நீங்களாவது சொல்லித் தொலையுங்கள்!

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு விசைத்தறிக் கம்பெனி. தொடங்கும்போது கையில் முதல் இல்லை. கடையநல்லூர் சாகுல், முன்பு என்னோடு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவன், சவுதியில் தம்மாம் நகரத்தில் வண்டி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். வட்டி போட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். பதறிவிட்டான்.

"வட்டி நமக்கு ஹராம் அண்ணாச்சி. பங்கா குடுங்க. லாபமோ நட்டமோ சேந்தே பாத்துக்கிடுவோம். கொஞ்ச நாள்ல நானும் ஊரோட வந்துருதேன்."

கம்பெனியில் சரிபாதி அவனுக்கு என்றாயிற்று.

வட்டிக்குக் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பான். நினைத்தால் ஆத்திரம் வருகிறது! என் மீதா, இப்படி நம்பிய அவன் மீதா... தெரியவில்லை.

பிறகு ஒரு பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்தது. புதுத் தறிகள் வாங்கப் பணம் வேண்டும். புதுப் பங்குகள் வெளியிடலாம் என்றார் ஆடிட்டர். ஆனால் பழைய பங்குதாரருக்கு முதலில் நோட்டீஸ் அனுப்பிக் கேட்டாக வேண்டும். கெடுவுக்குள் அவர் பதில் தராவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்கலாம்.

என் மைத்துனன் சிரித்தான். "அவன் சவுதியில கெடக்கான். நோட்டீஸ அவன் வீட்டுக்கு அனுப்புங்க அத்தான். பழைய விலைக்கே நாம எடுத்துருவோம்."

அந்த வாயில் நான் ஏன் அறையவில்லை? ஆசை! வேறென்ன?

நோட்டீசை எடுத்துக்கொண்டு சாகுலின் மனைவி ஜமீலா பஸ் ஏறி என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"இங்கிலீசுல என்னமோ வந்திருக்கு அண்ணாச்சி. போட்டோ புடிச்சு அவுகளுக்கு அனுப்பட்டா?"

"எதுக்கும்மா? கம்பெனின்னா இப்படி எதாவது வரத்தான் செய்யும். சாகுல்கிட்ட நானே பேசிக்கிடுதேன்."

அவள் முகம் தெளிந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தேன். ஆமாம், டீ வேறு கொடுத்தேன்... தூ!

நான் பேசவில்லை. கெடு முடிந்தது. புதுப் பங்குகள் முழுவதும் எனக்கும் மைத்துனனுக்கும் வந்தன. சரிபாதிக்குச் சொந்தக்காரன் பத்தில் ஒரு பங்குக்காரனானான்.

ஊரோடு இருந்துவிடலாம் என்று சாகுல் வந்தான். ஜமீலாவோடு ஆபீசுக்கு வந்து, தன் பங்குக்கு வந்த லாபத்தைப் பார்த்துத் திகைத்தான். அதில் குடும்பம் நடத்த முடியாது. நோட்டீஸ் அனுப்பினோமே, நீ பதில் போடவில்லையே என்றேன். எவ்வளவு பதமாகச் சொன்னேன் தெரியுமா?

அவன் என்னை ஏசவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி மீது பாய்ந்தான். "ஏட்டி, எனக்கு ஏன் சொல்லல?"

"அண்ணாச்சிதான்..." என்று அவள் தொடங்கினாள்.

"வாய மூடு! உன் கோட்டித்தனத்துக்கு அண்ணாச்சிய இழுக்கியா?"

அவள் என்னைப் பார்த்தாள். உண்மையை நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாக்கியம்! நான் செல்போனை எடுத்து யாரோ கூப்பிட்டதுபோல் வெளியே போனேன்.

சாகுல் மறுபடி தம்மாமுக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து எனக்குப் போன் செய்கிறான். கம்பெனிக்காகத் துவா செய்கிறானாம். போன வாரம் சொன்னான்: "அடுத்து பங்கு போட்டா நேரா எனக்கே சொல்லுங்க அண்ணாச்சி. அவள நம்ப முடியாது."

"சரி தம்பி" என்றேன்.

ஜமீலா இப்போது அவனிடம் சரியாகப் பேசுவதில்லையாம். வீட்டுக்கு ஒருநாள் போய் அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று என்னைத்தான் கெஞ்சுகிறான்!