புத்தரின் தலைக்கு மேல் நான்கு குடும்பங்கள்

இரண்டாம் மாடியில் வீற்றிருக்கும் புத்தரின் தலைக்கு மேல் நான்கு குடும்பங்கள் நடமாடினால் பாவம் யாருக்கு? நடப்பவர்களுக்கா, அவரை அங்கே கொண்டுவந்து வைத்தவருக்கா? யாங்கோனில் லிஃப்ட் இல்லாத எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில் அந்த மழைக்காலம் முழுக்க இதே பேச்சுதான்.

கேள்வியைக் கிளப்பியவர் ஊ தௌங் ஹான், வட்டார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி டோ யின் மே.

சிலை வாங்கக் கல்தச்சர் கடைகளுக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். ஊ தௌங் ஹானுக்கு எந்த முகமும் பிடிக்கவில்லை. ஒன்று தூங்கி வழிகிறது என்றார். இன்னொன்று தன் பழைய மேலதிகாரி மாதிரி முறைக்கிறது என்றார். டோ யின் மே ஒரு சின்னச் சிலையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது போதுங்க. நானே தூக்கித் தொடைச்சிடுவேன்.”

“வர்றவங்க கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?”

கடைசியில் ஒரு பெரிய வெள்ளைப் பளிங்குப் புத்தரை நாலு ஆட்கள் மூச்சுவாங்க அவர்களுடைய இரண்டாம் மாடி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பிக்குகள் வந்து ஓதினார்கள், தெருவே வந்து சாப்பிட்டது.

அதன் பிறகு விடியலில் எழுந்து கிண்ணங்களில் தண்ணீர் மாற்றுவதும், முதல் சோற்றைப் படைப்பதும், உச்சிவேளைக்கு முன் அதை எடுப்பதும், வாடிய பூவை நீக்குவதும், வேறெதற்கும் தொடாத துணியால் சிலையைத் துடைப்பதும் டோ யின் மேயின் வேலை. ஊ தௌங் ஹானுக்கும் ஒரு வேலை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, “காதுக்குப் பின்னாடி தூசி” என்று சொல்வது.

ஒருநாள் மேல்தளத்தில் ஏதோ கரகரவென்று இழுபட்டது. மூன்றாம் மாடியில் மோஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் மா சபே தன் பெரிய பானையை நகர்த்துகிறாள். ஊ தௌங் ஹான் சுண்ணக்கட்டியோடு மேலே போய், அவள் வீட்டுத் தரையில் ஒரு கட்டம் போட்டார்.

“இதுக்குள்ள கால் வைக்காதே. கீழே புத்தர் இருக்கார்.”

“சரிங்கண்ணே. நாலாவது, அஞ்சாவது, ஆறாவது வீட்டிலயும் போட்டுடுங்க. கையோட என் அடுப்பு எங்க இருக்கணும்னும் சொல்லிட்டுப் போங்க.”

அவர் சுண்ணக்கட்டியோடு இறங்கி வந்தார். அன்று மாலையே ஆறாம் மாடிக்காரரோடு வீட்டை மாற்றிக்கொள்ளப் பேசி முடித்தார். இரண்டாம் மாடி சும்மா கிடைக்கிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த பௌர்ணமிக்கு இடம் மாறுவது என்று ஏற்பாடு.

டோ யின் மேக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சந்தைக்குப் போய் இரண்டு மாடி ஏறி வருவதற்குள்ளேயே உயிர் போய்விடும். ஆறு மாடி என்றால் ஏறியபின் இறங்கவே மாட்டார். வீட்டுக்குள்ளேயே சிறை.

“என் காலை நெனச்சுப் பாத்தீங்களா?”

“புண்ணியம் சேரச் சேர வலி கொறையும்.”

“அப்ப தெனம் தண்ணிக் குடத்தை நீங்க தூக்கிட்டு வாங்க. உங்களுக்கும் சேரட்டும்.”

அதற்கு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

டோ யின் மே அழவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்றாம் மாடிக்குப் போனார். மா சபேயிடம் கொஞ்ச நேரம் பேசினார். மா சபே மற்ற வீடுகளுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, தன் புத்தருக்கு மேல் வானம் மட்டுமே இருப்பதைக் கண்குளிரப் பார்க்க ஊ தௌங் ஹான் மொட்டைமாடிக்கு ஏறினார். புத்தர் மேடை வரப்போகும் மூலைக்கு நேர் மேலே கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருடைய கைலிகளும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. பெண் கட்டிய கைலி ஆணின் தலைக்கு மேல் இருந்தால் அவன் மகிமையே போய்விடும் என்று நம்புகிற ஊர் இது. அவர் தலையைத் தாழ்த்திப் பின்வாங்கினார்.

“யார் இதை இங்க போட்டது?”

“காத்து நல்லா வருதுங்கண்ணே. மொட்டைமாடி எல்லாருக்கும் பொதுதானே?” என்றாள் மா சபே, இன்னொன்றை உதறிப் போட்டபடி.

“அடியில புத்தர் வரப்போறார்.”

“வரட்டுமே. நாங்க தொவைச்சுத்தானே போடறோம்?”

படியில் இறங்கும்போது ஊ தௌங் ஹான் தன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். ஆறாம் மாடிக்காரரிடம் ஏற்பாடு ரத்து என்றார். புத்தர் இரண்டாம் மாடியிலேயே இருக்கிறார். டோ யின் மே சந்தைக்குப் போய் வருகிறார், முனகிக்கொண்டே என்றாலும் தன் காலால்.

இப்போது விருந்தாளிகளிடம் ஊ தௌங் ஹான், “மனசுதாங்க முக்கியம், மாடியா முக்கியம்? வயசானவங்களும் வந்து கும்பிடணும்னு நான்தான் இங்கயே வெச்சேன்” என்கிறார். டோ யின் மே தேநீர்க் கோப்பையை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

படியேற முடியாத மனைவியும், புண்ணியத்துக்கு அவசரப்படும் கணவனும் இருக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அந்த அம்மா தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.