ஆறு இடத்திலும் ஒரே பெயர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆறு தாள்களும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. எனக்கு அது போதும்.

செர்பிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் லோம் ஊரில், சவ அடக்கக் கடை ஒன்றில் டைப் அடிக்கும் வேலை எனக்கு. எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் படத்தோடு அறிவிப்பு அடித்து வாசற்கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று திரும்பத் திரும்ப ஒட்டுவோம். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மேலே பெயர், இறந்த தேதி, துயருறுவோர் என்று மூன்று கட்டம். அங்கே ஒரு தடவை அடித்தால் போதும். கதவுக்கு, கம்பத்துக்கு, சிலுவைத் தகடுக்கு, மலர்வளைய நாடாவுக்கு, பாதிரியாருக்கு, கல்லறை ஆபீசுக்கு... ஆறு தாளிலும் தானே வந்து உட்காரும்.

அன்று ஜனவரி 9. மதியம் 3.10. என் அம்மா ஸ்தான்காவின் வருஷ அறிவிப்பை அடிக்க உட்கார்ந்தேன். வளையம் கட்டும் வெஸ்கா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி நெவெனா, இந்தத் தடவையாவது உன் தம்பி பேரைப் போடேன்டி."

"அம்மா அடக்கத்துக்கே வராதவன் பேரு எதுக்கு?"

"பெத்தவளுக்கு அவனும் புள்ளதானே."

"நீ போய் உன் பூவைக் கட்டுக்கா."

தம்பி யாவோர் வியன்னாவில் லாரி ஓட்டினான். அம்மா இறந்த மறுநாள் போனில், "கார்ல கிளம்பிட்டேன்க்கா" என்றான். வரவே இல்லை. போனும் எடுக்கவில்லை. அப்பா சாவுக்கும் இதே வேலைதான் செய்தான். எனக்கு வெறுத்துவிட்டது. அம்மாவின் நாற்பதாம் நாள் அறிவிப்பிலேயே, துயருறுவோர் கட்டத்திலிருந்து அவன் பெயரை அழித்தேன். ஒரே தட்டு. ஆறு இடத்திலும் காணாமல் போனான். அன்றைக்கு அது எனக்கு இனித்தது. மறைப்பானேன்?

3.14. பெயர்க் கட்டத்தில் ஸ்தான்கா என்று அடித்தேன்.

யாவோர் என்று விழுந்தது.

அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, திரையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

யாவோர். ஆறு இடத்திலும் யாவோர்...

"அக்கா, இதுல கை வச்சியா நீ?"

அவள் வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கீபோர்டு வயரைப் பிடுங்கினேன்.

டக். தேதிக் கட்டம் மாறியது. போன வருஷம், ஜனவரி 13.

டக்... டக்...

துயருறுவோர்: அம்மா.

என் பெயர் இல்லை.

3.17. பிரிண்டர் உறுமியது.

ஒன்று... இரண்டு... ஆறு.

சூடாக வர வேண்டிய தாள்கள்.

ஈரமாக வந்தன.

பதினொரு நாள் கழித்து செர்பியாவிலிருந்து போலீஸ் பேசியது. சாலையோரக் கால்வாயைத் தூர்வாரத் தண்ணீரை வடித்தார்களாம். அடியில் ஒரு கார். அவன் செர்பியாவுக்குள் எல்லை தாண்டிய பதிவில் தேதி, போன வருஷம் ஜனவரி 13. அன்றைய பனிமூட்டத்தில் எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தவன், ஒரு வருஷமாக அந்தத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறான். நான் ஒரு போலீஸ் நிலையப் படிகூட ஏறவில்லை. அவனைத் திட்டித் திட்டியே அந்த வருஷத்தை ஓட்டியிருக்கிறேன், பாவி.

பின் சீட்டில் ஒரு மலர்வளையம் இருந்ததாம். பூ போய்விட்டது. நாடா மட்டும் மிச்சம். அதைக் கொடுத்தார்கள். "அம்மாவுக்கு, நெவெனா, யாவோர்" என்று போட்டிருந்தது. என் பெயர்தான் முதலில்.

அவனுக்கு அறிவிப்பு அடிக்க நானே உட்கார்ந்தேன். பெயர் ஒழுங்காக விழுந்தது. துயருறுவோர் கட்டத்தில் "அக்கா நெவெனா" என்று அடித்தேன். அது அங்கே நிற்கவில்லை, தானே அழிந்தது. வெஸ்கா அக்கா அடித்துப் பார்த்தாள். வேறு கம்ப்யூட்டரிலும் அடித்துப் பார்த்தோம்.

ஆறு இடத்திலும் அம்மா மட்டும்தான்.