ஆரஞ்சுத் தோல் இல்லாத கேக்

அத்தையை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் பக்கத்து வீட்டு டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, "என் கேக்கை வெட்டிட்டு எடுத்துட்டு வந்தாங்களே உங்க அத்தை, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அதில் ஒரு பகுதி மட்டும் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை.

அத்தை அப்பாவுக்கு மூத்த அக்கா. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட, மூன்று தம்பிகளையும் வளர்த்துப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துவைத்தவர். தனக்கு ஒரு கல்யாணம் வேண்டாமென்று நினைத்தாரா, நினைக்கவே நேரமில்லாமல் போனதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெயருக்குத்தான். எங்கள் பகுதியான மர்பி டவுனில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எண்பத்தாறு வயது வரை காலைப் பூசைக்கு நடந்தே போனார்.

எனக்கு எட்டு வயதில் வந்த கிறிஸ்துமஸ் அது. அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஓவன் கிடையாது. கேக்குக்கான கலவையை வீட்டிலேயே தயாரித்து, பாத்திரத்தோடு சிவாஜிநகர் பேக்கரிக்கு எடுத்துப் போவோம். அவர்கள் தங்கள் டின்களில் ஊற்றிச் சுட்டுக் கொடுப்பார்கள். டின்களெல்லாம் ஒரே அளவு. எது யாருடையது என்று தெரிய, வீட்டு எண் எழுதிய சீட்டை டின்னுக்கும் உள்ளே விரித்த காகிதத்துக்கும் நடுவே செருக வேண்டும். சீட்டு எழுதிச் செருகுவது என் பொறுப்பு. அந்த வருடம்தான் முதல் முறையாக அத்தை என்னைக் கலவையைக் கிளறவும் விட்டிருந்தார்.

எங்கள் கலவையோடு டீச்சருடையதையும் எடுத்துப் போனோம். டீச்சருக்குக் கணவர் இல்லை. வெளியூரில் வேலை கிடைத்துப் போன மகன் முதல் முறையாகப் பண்டிகைக்கு வீட்டுக்கு வரவிருந்தான்.

கேக் வெந்து வெளியே வரும் நேரத்தில் பேக்கரிக்காரர் தன் அம்மாவுக்காக அத்தையிடம் வந்தார். "அக்கா, அம்மி காலுல புண்ணு ஆறவே மாட்டேங்குது. ஸ்வல்ப பாத்துட்டுப் போங்க."

"நீ டின்னைப் பாத்துக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார்.

பெஞ்சில் இரண்டு டின்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். டீச்சருடையது ஒரே நிறத்தில் பொங்கி நின்றது. எங்களுடையது ஒரு பக்கம் கரியாகியிருந்தது. அடுப்பின் எந்த மூலையில் டின்னை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் கிளறினேன், அதனால் கருகிவிட்டது. சீட்டுகள் பழுப்பாகி, தொட்டாலே ஓரம் உதிரும்படி இருந்தன. இரண்டையும் உருவி மாற்றிச் செருகினேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை என் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் எண்ணெயும் கரியும். ஒன்றும் கேட்காமல், முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். எனக்கு அது சுகமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து, சித்தப்பாக்களும் பிள்ளைகளும் கூடியிருக்க, அத்தை கேக்கை வெட்டினார். முதல் துண்டை எடுத்து முகர்ந்தவர் அப்படியே நின்றார். எங்கள் கேக்கில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் பொடித்துப் போடுவார். டீச்சர் வீட்டில் அது போடும் வழக்கமில்லை. அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். பிறகு வெட்டிய துண்டை அதன் இடத்திலேயே பொருத்தி, மேலே துணியைப் போட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

டீச்சர் மகனுக்காகக் காத்திருந்தார். கருகிய கேக் மேஜைமேல் இருந்தது. கத்தி படவில்லை.

"டீச்சர், நான்தான் சீட்டை மாத்திச் செருகிட்டேன். வயசாயிடுச்சு, கண்ணு தெரியல."

"நல்லா இருக்கேக்கா. வெட்டிப் பாத்துட்டுதான் யாரு கேக்குன்னு கண்டுபிடிப்பீங்களா? ஊசி போடுறப்பயும் இப்படித்தானா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

கருகிய பக்கத்தை அத்தை தனக்கென்று ஒதுக்கி, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை டீயில் தோய்த்துத் தின்றார். அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் தெருவே அவரைக் கேலி செய்தது. "சீட்டு ஜாக்கிரதைக்கா" என்பார்கள். அவர் தலையாட்டுவார்.

போன வாரம் என் மகள் பள்ளியில் தோழியின் தண்ணீர் பாட்டிலை உடைத்துவிட்டு, வேறொரு குழந்தையின் பையில் ஒளித்து வைத்துவிட்டாள். அவள் அழுது ஒப்புக்கொள்ளும் வரை நான் நான்கு முறை கேட்டேன். கேட்டது சரிதானா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் விட்டிருந்தால் அது சரியாக இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை. நான் இப்போது இருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து மர்பி டவுனுக்குப் போன் போட்டால் எடுப்பதற்கு அத்தை இருந்தவரை இப்படிப்பட்டதையெல்லாம் அவரிடம்தான் கேட்பேன். என் சீட்டு விஷயத்தை மட்டும் கேட்டதே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருபத்து நான்கு வருடம் தள்ளிப்போட்டேன்.

கேக் மாறியதற்கு அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சிவாஜிநகர் கிளம்பும்போது நான் பின்வாசலில் ஒளிந்து நின்றேன். அம்மா, "இந்தத் தடவை நானே எழுதித் தரேன்" என்றார்.

"வேணாம், அவளே எழுதட்டும்" என்று சொல்லி, அத்தை என்னைத் தேடி வந்தார். இரண்டு துண்டுக் காகிதத்தையும் பென்சிலையும் என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

நான் வாங்கிக்கொண்டேன். பாவம், அத்தைக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.