மணிக்கு ஒரு தட்டு

மலாக்காவில், குருபோங் தாமான் குடியிருப்பில் தேவமலரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுத் தப்பித்தவர்கள் யாரும் இல்லை. அவள் சண்டைக்காரி அல்ல, குரலை உயர்த்துகிறவளும் அல்ல. ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் திரும்பத் திரும்பக் கேட்பாள். எதிராளிக்குத் தலை சுற்றி, சரிம்மா, செய்து தொலைக்கிறேன் என்று சொல்லும்வரை விடமாட்டாள். அவர்கள் சந்துக்குத் தெருவிளக்கு வந்தது அப்படித்தான். பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஃபேக்டரியில் அவள் லைனில் நின்றே வேலை செய்த பெண்களுக்கு நாற்காலி வந்ததும் அப்படித்தான்.

சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். படிப்பு முடிந்த கையோடு ஃபேக்டரி பஸ் ஏறினாள். அதே தோட்டத்தில் ஜாகா வேலை பார்த்த வீரமுத்துவைக் கட்டிக்கொண்டாள். ஜாகா என்றால் அங்கே காவல்காரர். ஆள் ஆறடி. இருமினால் ஸ்டோர் பக்கம் திருட வந்தவன் வேலியைத் தாண்டி ஓடிவிடுவான் என்று பேச்சு. தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். புருஷனும் பெண்சாதியும் குருபோங்கில் ஒரு சின்னத் தொடர்வீட்டுக்குக் குடிவந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. வந்த சில வருஷங்களில் சர்க்கரை நோய் வீரமுத்துவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதன்பின் அவருக்கு ஊசி, ஊன்றுகோல், ஜன்னலோரக் கட்டில். அவளுக்கு ஃபேக்டரி. அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

1998-இல் ஒரு நாள், பட்டப்பகலில் அந்த வீட்டில் திருடன் புகுந்தான். வீட்டில் அலாரம் இருந்தது. தாமானில் எல்லாரும் மாட்டுகிறார்களே என்று அவளும் மாட்டியிருந்தாள். சைரன் ஊரையே கூட்டுகிற மாதிரி அலறியது. ஆனால் ஊர்தான் கூடவில்லை. அந்தத் தெருவில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பூனை குதித்தால் ஒரு சைரன், காற்றடித்துக் கதவு ஆடினால் ஒரு சைரன் என்று கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காது மரத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா, எவன் வீட்டுக் காரோ கத்துகிறது என்று தலையணையால் காதை மூடிக்கொண்டு புரண்டு படுத்தாள். திருடன் சத்தத்துக்குப் பயந்து கையில் கிடைத்த ரேடியோவோடு ஓடிவிட்டான். அவனைப் பிடிக்க எழுந்த வீரமுத்து கீழே விழுந்தார். சாயங்காலம் தேவமலர் வந்து கதவைத் திறந்தபோது அவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். சைரன் கத்திக் கத்தி ஓய்ந்திருந்தது.

ரேடியோ போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பகல் முழுக்க அவர் தரையில் கிடந்ததை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. விஷயம் தெரிந்து குஞ்சம்மா வந்து அழுதாள். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இரு என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் அரிசி வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் வேறொரு முடிவு எடுத்தாள். சத்தம் போடுகிற அலாரம் வேண்டாம், யாரிடமாவது போய்ச் சொல்கிற அலாரம் வேண்டும்.

மலாக்கா டவுனில் அலாரக் கடை வைத்திருந்தவர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், மின்சாரப் பொறியியல் படித்தவர், நிதானமான மனிதர். கேஎல் என்று எல்லாரும் சொல்கிற கோலாலம்பூரில் ஒரு கண்காணிப்பு நிலையம் உண்டு, வீட்டில் அலாரம் அடித்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும், அவர்கள் உடனே ஆளுக்குப் போன் போடுவார்கள் என்று அவர் விளக்கினார். இதுவரை ஒவ்வொரு தகவலும் வெளியூர் அழைப்புக் கட்டணத்தில் போனதால் மலாக்காவில் யாரும் சேரவில்லை. இப்போது இன்டர்நெட் வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் உள்ளூர் எண்ணைத்தான் கூப்பிடும், செய்தி கோலாலம்பூருக்குப் போய்விடும். ஆனால் இது இன்னும் பரீட்சார்த்தம்தான், டவுனில் சில பங்களாக்களில் மட்டும் மாட்டிப் பார்க்கிறேன், உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர்கூட இல்லையே என்றார்.

தேவமலர் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். ஃபேக்டரி ஆபீஸ் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டுப் பெற்று, வேனில் ஏற்றிக் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கினாள். திருச்செல்வம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அலாரப் பெட்டியைக் கம்ப்யூட்டரோடும் கம்ப்யூட்டரை மோடத்தோடும் மோடத்தை டெலிபோன் வயரோடும் இணைத்தார். ஆபத்து என்றால் அமுக்க வீரமுத்துவின் கட்டிலில் ஒரு பொத்தான். அது தவிர, தினமும் மதியத்துக்குமேல் கம்ப்யூட்டர் தானாகவே இன்டர்நெட்டுக்குள் போய், நான் வேலை செய்கிறேன் என்று கோலாலம்பூருக்கு ஒரு செய்தி அனுப்பும். மோடம் கீச்சென்று கத்திக் கரகரத்து ஓய்ந்தால் செய்தி போய்விட்டது என்று பொருள். தேவமலர் அந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். வீரமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆனால் செய்தி ஒழுங்காகப் போகவில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போகவில்லை. அப்புறம் வாரத்தில் பாதி நாள் போகவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா விளக்கும் எரியும், எல்லா வயரும் அதனதன் இடத்தில் இருக்கும். கோலாலம்பூரில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்ட றெஜினா என்ற பெண் நல்ல மாதிரி. ஆனாலும் நிலையத்தின் விதியைச் சொல்லத்தான் செய்தாள். இப்படி அடிக்கடி விட்டுப்போகிற வீட்டை நம்பி உட்கார முடியாது, மாதக் கடைசியில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றாள். திருச்செல்வமும் கையை விரித்தார்.

“தங்கச்சி, லைன் சரியில்லையெண்டால் நான் என்ன செய்யிறது? உங்கட பக்கம் டெலிபோன் வயரே பழசு.”

அவர் சொன்னதை அவள் ஏற்கவில்லை. வயர் பழசென்றால் காலையில் போன் பேசும்போதும்தானே அறுந்து போகவேண்டும்? லீவு போட்டாள். வீரமுத்துவிடம் சொல்லாமல் வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, குஞ்சம்மா வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் தன் வீட்டு ஜன்னல் தெரியும்.

மதியம் வானம் கறுத்தது. முதல் இடி எங்கோ தூரத்தில் உருண்டதுமே கட்டிலில் வீரமுத்து எழுந்து உட்கார்ந்தார். ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு அடியாகப் போய் டெலிபோன் வயரைப் பிடுங்கினார். மோடத்தைப் பிடுங்கினார், கம்ப்யூட்டரைப் பிடுங்கினார், முகம் பார்க்கும் கண்ணாடிமேல் துண்டைப் போட்டு மூடினார், கடைசியில் மெயின் சுவிட்சையும் அணைத்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இடி இடித்தால் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம் அது. இத்தனை நாளும் மழை விட்டதும் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுப் படுத்திருப்பார். மலாக்காவில் அந்த மாதங்களில் மதியத்துக்குமேல் இடிக்காத நாள் எது?

தேவமலர் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குள் வந்தாள். அவள் கேட்க நினைத்த கேள்விகள் நிறைய. அவர் சுவிட்ச் அருகில் ஒற்றைக் காலில் நின்ற நிலையைப் பார்த்ததும் முதலில் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வீரமுத்துதான் பேசினார். “தோட்டத்துக் கிராணி வூட்டு டிவி இடி வுழுந்து கருகிப் போனத நீயும்தான பார்த்த? நீ அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்தத நான் எரிய வுடவா?” பிறகு, “அதுவும் ஒரு பக்கம் கெடக்கட்டும் மலரு. ஒரு தோட்டத்தையே காத்தவன் நான். இப்ப என்னக் காக்க ஒரு பொட்டியாம். அது கண்ண மூடிக் கெடந்தா எனக்கு ஒன்னும் வருத்தமில்ல லா,” என்றார்.

அவர் வீம்பு அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இத்தனை நாள் காலை இழந்ததற்காகத்தான் அவர் வாடிக்கிடக்கிறார் என்று நினைத்திருந்தாள். காவல் வேலை போனதுதான் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. மெயின் சுவிட்சைத் தொடாமல் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். இருவரும் இருட்டிய வீட்டில் மழையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தோட்டத்தில் மாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். இரவில் மணிக்கு ஒரு தரம் ஜாகா அதில் தட்டவேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் தோட்டம் தூங்கும். கேட்காவிட்டால், ஜாகாவுக்கு என்ன ஆச்சோ என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி ஆள் அனுப்புவார். தேவமலருக்கு அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

மறுநாள் கடையில் திருச்செல்வத்திடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பிறகு கேட்டாள். “அண்ணே, பொட்டி சும்மா இருந்தா கேஎல்ல ரிப்பேர்னு நெனைக்கிறாங்க. ஏன் ரிப்பேர்னு நெனைக்கணும்? ஆளுக்கு ஆபத்துன்னு நெனைக்கட்டுமே.”

“விளங்கேல்லை.”

“நான் வேலைக்குப் போயிருக்கப்ப மணிக்கு ஒரு தரம் அவரே பொத்தான அமுக்குவாரு. அமுக்கலன்னா அவுங்க போன் போடட்டும். இடி வந்தா, கழட்டப் போறேன்னு மொதல்ல அவரே கேஎல்லுக்குச் சொல்லுவாரு.”

திருச்செல்வம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலையம் ஒத்துக்கொள்ளாது என்றார். தேவமலர் மறுபடியும் கேட்டாள். ஒரு வீட்டுக்காக இத்தனை செய்தியை யார் பார்ப்பது என்றார். மறுபடியும் கேட்டாள். கடைசியில் அவர் போனை எடுத்து றெஜினாவைக் கூப்பிட்டார். பேசப் பேச அவருக்கே இந்த யோசனை பிடித்துப்போனது. மதியச் செய்தி இருந்த இடத்தில் மணிச் செய்தி வந்தது. கட்டிலில் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் பச்சைப் பொத்தான் ஒன்று வந்தது. செய்தி வராவிட்டால் றெஜினா முதலில் வீட்டுக்கு அடிப்பாள், யாரும் எடுக்காவிட்டால் குஞ்சம்மாவுக்கு, பிறகு ஃபேக்டரி சூப்பர்வைசருக்கு. குஞ்சம்மாவிடம் ஒரு சாவி போனது. லைனில் வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் வந்தால் கூப்பிட முடியாது என்ற சூப்பர்வைசர் என்ன ஆனார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீரமுத்துவிடம் அவள் வளைத்துப் பேசவில்லை. “இந்த வூட்டுக்கு ஜாகா நீங்கதான். மணிக்கு ஒரு தரம் தட்டணும். முடியுமா முடியாதா?” என்று கேட்டாள்.

அவர் பச்சைப் பொத்தானைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். மறுநாளே அலமாரியிலிருந்து பழைய கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டார், முகம் சவரம் செய்துகொண்டார். இடி வந்தால் போனை எடுத்து, “கழட்டுறேன்மா, மழை வுட்டதும் வரேன்,” என்பார். றெஜினா, “சரி அங்கிள், பத்திரம்,” என்பாள். மாதக் கடைசி வந்தது, போனது. அந்த வீட்டை யாரும் எடுக்கவில்லை.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வானம் பளிச்சென்று இருந்தது. ஃபேக்டரியில் சூப்பர்வைசர் லைனுக்கே நடந்துவந்து, வீட்டிலிருந்து செய்தி இல்லையாம், போன் எடுக்கவில்லையாம் என்றார். சூப்பர்வைசரே தேவமலரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க அவள் இடி இடிக்கிறதா, ஒரே ஒரு இடியாவது இடிக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வீரமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வேர்வை, வாயோரம் சர்க்கரைத் தண்ணீர். குஞ்சம்மா டம்ளரும் கையுமாக நின்றாள். போன் அடித்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து திறந்திருக்கிறாள். அவர் கண் செருகிக் கிடந்தாராம். காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, புரட்டாசிச் சனி விரதம் என்று சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறார். டாக்டர் விரதமே கூடாது என்று சொல்லியிருந்தார். பெண்சாதிக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இந்த மனிதன் இல்லை என்று நினைத்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கால் எடுத்த நாளில்கூட அழாதவள், அன்று குஞ்சம்மா பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

வீரமுத்து அவளைத் தட்டிக்கொடுக்க ஒரு கையை நீட்டினார். மற்றொரு கை படுக்கையில் எதையோ துழாவியது. கடிகாரத்தைப் பார்த்தார்.

“மலரு, அந்தப் பச்சைய எடு. மணி ஆயிட்டுது.”

அவள் எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் விரலில் பலம் இல்லை. அவள் தன் விரலை அவர் விரல்மேல் வைக்கப்போனாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அவரே இரண்டாம் முறை முயன்று அமுக்கினார். மூலையில் மோடம் கீச்சென்று கத்திக் கரகரத்து ஓய்ந்தது.

உடனே போன் அடித்தது. தேவமலர் எடுத்தாள். எதிர்முனையில் றெஜினாவின் குரல் பதறியது. ஆன்ட்டி, செய்தி வந்திருக்கிறது, அங்கிளுக்கு ஒன்றுமில்லையே, இப்போது யார் அமுக்கியது என்று கேட்டாள்.

தேவமலர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

“எங்க வூட்டு ஜாகாதாம்மா தட்டுனாரு,” என்றாள்.