மூடிய கொட்டிலின் மூச்சு

கச்சான் காற்று தொடங்கினால் நாங்கள் தறிக்கொட்டிலை அடைத்துவிடுவோம். மேற்கே வயல்வெளிகளைச் சுட்டுக்கொண்டு வரும் அந்தக் காற்றில் நூல் காய்ந்துபோகும். பாவில் இழைகள் படபடவென்று அறும். அறுந்ததை முடிந்து முடிந்தே பொழுது போய்விடும். அதனால் இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் மருதமுனையில் அந்த மாதங்களில் கொட்டில்களின் பக்கத் தட்டிகளை இறக்கிக் கட்டி, நிலத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் நான் நெய்த கொட்டிலில் நான்கு தறிகள் இருந்தன. நாங்கள் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லை. அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை. நூல்தான் விஷயம்.

எனக்கு எதிர்த்தறியில் நெய்தவரை மச்சான் என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. அவருக்கு வாய் ஓயாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆட்கள் கூடிய இடத்தில் கதைக்கக் கூச்சப்படுவேன். எனக்கும் சேர்த்து அவரே கதைப்பார். அந்த வருடம் அவர் கதைகளுக்கு நடுவே இருமல் புகுந்தது.

பஞ்சுத் தூசியில் இருக்கிற எல்லோரும் இருமுவோம். அதனால் அவருடைய இருமல் தனியாகத் தெரியவில்லை.

“இருமலுக்கும் கூலி கேப்பாய் போல,” என்றார் முதலாளி.

“இருமலுக்கு வேணா முதலாளி. ஒங்கட தூசத் திண்ணுறத்துக்குத் தாங்க.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது வெள்ளைப் பாவில் சிவப்பாக ஒரு பொட்டு. பெருவிரலால் தேய்த்தார்.

“வெத்தில,” என்றார் என்னைப் பார்த்து. அன்று அவர் வெற்றிலை போட்டிருக்கவில்லை.

சில நாட்களில் அவரால் தறியில் குந்த முடியவில்லை. தம்பிக்காரன் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்; அங்கேயே மறித்து வார்டில் வைத்துவிட்டார்கள். சயம், காசநோய் என்றார்கள். ஊரில் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லமாட்டார்கள். ‘அந்த வருத்தம்’ என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

என் மனைவிக்கு அப்போது தலைப்பிள்ளை, நிறைமாதம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவது. மாமா மாமியின் வீட்டில் நான் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒரே ஒரு ஆசை இருந்தது. பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கை, தொழுகைக்குக் கூப்பிடும் அந்த அழைப்பை, நான்தான் சொல்ல வேண்டும். தறிச் சத்தத்துக்குள் மெல்ல மெல்லச் சொல்லிப் பழகி வந்தேன். எதிரில் இருந்தவர் இருமிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் பழகினேன்.

சுகாதாரப் பரிசோதகர் கொட்டிலுக்கு வந்தார். எங்கள் பக்கத்து இளைஞர்தான். உள்ளே நுழைந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டார்.

“இதென்ன கொட்டிலா, பாண் சுடுற போறணையா?” என்றார். பிறகு சொன்னார்: “இது கோப்பையால, சோத்தால வாற வருத்தமில்ல. இருமுற ஆள்ர மூச்சால வாற. வெளிக்காத்துல கலஞ்சி போயிரும். இப்பிடி அடச்ச இடத்துல அந்தரத்துலயே நிக்கும். மத்த ஆக்கள் அதத்தான் இழுக்கிற.”

“தட்டியத் தொறந்தா நூல் அறும் தம்பி,” என்றார் முதலாளி.

“நூல் அறுந்தா முடியலாந்தானே.”

“முடியிறது நீங்களா?”

கடைசியில் முதலாளி கிழக்குத் தட்டியை மட்டும் தூக்கிக் கட்டச் சம்மதித்தார். கச்சான் மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தால் நேரே உள்ளே வராது. உள்ளே கிடக்கும் காற்று மட்டும் கடல்பக்கமாக இழுபட்டுப் போகும். நூல் அவ்வளவாக அறவில்லை. இத்தனை வருடமும் அது எங்களுக்குத் தோன்றவில்லை.

பரிசோதகர் எங்கள் எல்லோரையும் அனுப்பிய நெஞ்சு கிளினிக்கில் என் முன்கையில் தோலுக்குள் ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வரச்சொன்னார்கள். மறுநாளே அந்த இடம் சிவந்து தடித்தது. தடவினேன், தடவ வேண்டாம் என்று கையை இழுத்தேன், பிறகும் தடவினேன். யாருக்கும் தெரியக்கூடாதென்று கலியாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

“என்ன மகன், இந்த வெக்கையில மாப்புளச் சட்ட?” என்றார் மாமி. “திரும்பவும் எங்கயும் மாப்புளயாப் போகப்போறீங்களா?”

கையைக் காட்ட வேண்டியதாயிற்று. அன்று பகல் எனக்குச் சோறு தனியாக ஒரு நீலக்கரைக் கோப்பையில் வந்தது. கூடவே, புள்ளத்தாச்சிக்குக் கச்சான் ஆகாது என்று எங்கள் அறை யன்னலையும் இறுக்கிப் பூட்டிவிட்டுப் போனார்.

“உம்மா, நீங்க கோப்பையப் பிரிச்சிப்போட்டு மூச்ச ஒண்டா அடச்சி வெக்கிறீங்க,” என்று மனைவி உள்ளே இருந்து சத்தம் போட்டாள். பரிசோதகர் சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். மாமி கேட்கவில்லை.

கிளினிக்கில் டொக்டர் சிறு அடிமட்டத்தை வைத்துத் தடிப்பை அளந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

“கிருமி உள்ளுக்குப் போயிருக்குது. ஆனா பயப்படாதையும். உம்மட உடம்பு அதைச் சுத்தி வளைச்சு வேலி அடைச்சிருக்கும். உடம்புக்கு அந்தக் கிருமியை ஆரெண்டு தெரியும். அதுதான் இந்தத் தடிப்பு. இது வருத்தம் இல்லை.”

வேலி எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட கேள்வி அது.

“அநேகம் பேருக்குச் சாகுமட்டும் நிக்கும். சிலருக்கு உடம்பு தளரேக்க உடையும். உமக்கு உடைஞ்சிருக்கோ எண்டு படம் எடுத்துத்தான் பாக்கவேணும்.”

நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளியும் கொடுத்தேன். முடிவு அடுத்த கிளினிக் நாளில் என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேலிகள்தான் கண்ணில் பட்டன. எங்கள் ஊர் வேலி தென்னோலை பின்னிய கிடுகுவேலி. வருடா வருடம் உக்கிப்போகும். மாற்றிக் கட்ட வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கிற வேலியை யார் மாற்றிக் கட்டுவது?

பாயை எடுத்துப் போய் முற்றத்து மாமரத்தின் கீழ் படுத்தேன். ஒரு இருமல் வந்தாலும் அது தூசியா, அதுவா என்று காத்திருந்தேன். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இருமிப் பார்த்தேன். சாப்பிட்டால் உடம்பு பெலக்கும் என்று கிளினிக்கில் சொன்னதற்காக நீலக்கரைக் கோப்பையில் இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன். இறங்கவில்லை. குந்தினால் எழும்பினேன். எழும்பினால் போக இடமில்லை.

முடிவு வருமுன் பிள்ளை வந்துவிட்டது. பின்னேரம், வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில். மாமி வெள்ளைச் சீலையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோப்பை, சட்டை எல்லாம் அந்த நேரம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

“பொம்புளப் புள்ள. வாங்க மகன், பாங்கு சொல்லுங்க.”

நான் ஓரடி பின்வாங்கினேன். “மாமா வரட்டும்.”

“அவரு வட்டைக்குப் போனவரு. வயலுக்குப் போனா அந்திக்குத்தானே வாற. அதுமட்டும் புள்ளைய வெச்சிக்கிட்டு இரிக்கவா?”

காதோடு வாய் வைத்துச் சொல்லவேண்டியது. அந்த வாய்க்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. கொட்டிலில் தூக்கிக் கட்டிய தட்டி ஞாபகம் வந்தது.

“கிழக்கு யன்னலத் தொறங்க மாமி,” என்று சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினேன்.

மாமி யன்னலைத் திறந்து, பிள்ளையின் வலது காதை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் வெளியே, எட்டத்தில் வளவுக்குள் நின்றேன். என் மூச்சைக் காற்று கடல்பக்கம் கொண்டுபோகட்டும். தொடங்கினேன். குரலையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று.

“கேக்குதில்ல மகன். பெலத்து!”

கண்ணை மூடிக்கொண்டு பெலத்தேன். தறிச் சத்தத்துக்குள் ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. மாமி அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலிப் படலைக்கு வந்துவிட்டார்.

“அசர் தொழுகைக்கு நேரம் போயிட்டா?”

“ஒங்களுக்கில்ல காக்கா, ஏன்ட பேத்திக்கு!” என்றார் மாமி யன்னலுக்குள்ளிருந்து.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தம், சளியிலும் இல்லை என்றார். வேலி நிற்கிறது, இருமல் நீண்டால், மெலிந்தால் உடனே வரவேண்டும். எதிர்த்தறிக்காரர் எப்படி என்று கேட்டேன். ஊசியும் குளிசையும் வேலை செய்கின்றன, நீண்ட காலம் விடாமல் எடுத்தால் தறிக்குத் திரும்பலாம் என்றார். திரும்பினார். வாயும் திரும்பியது.

அன்று வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சொல்லி, முதல்முறையாக மகளைக் கையில் வாங்கினேன். முகத்தை அவள் முகத்தருகே கொண்டுபோய் அப்படியே நின்றேன். மாமி நீலக்கரைக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு கழுவி அடுக்கிவிட்டு வந்து என்னைப் பார்த்தார்.

“மூச்ச எடுங்க மகன்,” என்றார். “முகம் செவந்து போச்சி.”