பெரட்டு வரிசை

எங்கள் கல்லூரியில் சமூக சேவைக் குழுவில் பெயர் கொடுக்க அடிதடி நடந்தது அந்த ஒரு வருஷம்தான். முகாம் கொடைக்கானல் மலையில் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். முந்தைய வருஷம் அய்யம்பாளையம் பக்கம் வெயிலில் முகாம் என்றபோது வயிற்றுவலி, அக்கா கல்யாணம் என்று நழுவியவர்கள் எல்லாரும் இப்போது ஏழைகளுக்காக உருகினார்கள். நானும் உருகினேன், அதுவும் ஸ்வெட்டர் இரவல் வாங்கி வைத்துக்கொண்டு.

ஏரியையும் படகையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பஸ் நிற்காமல் ஊரைத் தாண்டி, போளூர்ப் பக்கமாக வெகுதூரம் போய், வாட்டில் மரக்காட்டுக்கு நடுவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் முன்னால் எங்களை இறக்கிவிட்டது. விடுமுறை ஆனதால் பள்ளிக்கூடம் காலி. அதற்குக் கீழே சரிவில் ஒரு குடியிருப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பங்கள் தகரமும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிக்கொண்ட குடிசைகள். காட்டில் வாட்டில் மரம் வெட்டி, தோல் பதனிடும் ஆலைகளுக்காகப் பட்டை உரிப்பதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கம்பளியில் போட்டு, நாலு பேர் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அந்தச் சரிவில் ஒரு ஜீப் இறங்கும் அளவுக்குப் பாதை வெட்டுவது எங்கள் முகாமின் வேலை.

பொறுப்பாளர் சிஸ்டர் எங்களுக்கு இயற்பியல் எடுப்பவர். எதையும் நேராகச் சொல்லுவார். விளையாட்டு டீச்சரிடமிருந்து ஒரு விசிலை வாங்கி வந்து கழுத்தில் மாட்டியிருந்தார். வந்த அன்று மாலையே குடியிருப்புக்குப் போய் எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

“இது உங்க பாதை. நாங்க உங்களோட சேர்ந்து உழைக்க வந்திருக்கோம். காலையில விசில் ஊதுவேன். வர முடிஞ்சவங்க வாங்க.”

மறுநாள் விடியும்போது பனி கண்ணை மறைத்தது. விசில் சத்தம் கேட்டு நாங்கள் முனகிக்கொண்டே போர்வையோடு வெளியே வந்தால், அவர்கள் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு. ஒருவரும் பேசவில்லை. மண்வெட்டியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று சொல்லும்வரை அப்படியே நின்றார்கள். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாருங்கடி, வரவேற்க மாலை இல்ல, மைக் இல்ல. ஜனங்க தாங்களாவே வந்து நிக்கிறாங்க,” என்றார். எனக்கும் நெஞ்சு விம்மியது. வகுப்பில் இரண்டு வருஷமாகப் படித்த மக்கள் பங்கேற்பு என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஜோடியாகக் குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா அமைந்தார். நான் மண்ணை அள்ளிச் சட்டியில் போடுவேன், அவர் சுமந்துபோய்க் கொட்டுவார். அவருடைய கணவர் மேல் மரம் சாய்ந்து இடுப்பு ஒடிந்து குடிசைக்குள்ளேயே கிடந்தார். அக்காவும் அவருடைய மகளும் காட்டுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மத்தியானம் முகாமில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவோம். அக்கா பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கணவருக்குக் கொண்டுபோவார்.

ஒரு மாலை நாங்கள் தெருநாடகம் போட்டோம். ஏழைகளைச் சுரண்டும் கான்ட்ராக்டர் வேஷம் எனக்கு. கண்மையால் மீசை வரைந்துகொண்டு துண்டை உதறி உதறி மிரட்டினேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாளே நிஜ லாரி வந்தது. பட்டை உரிக்க ஆள் ஏற்றிப்போகும் மேஸ்திரியின் லாரி. தூரத்துக் காட்டில் குடிசை போட்டுத் தங்கி, மழை பிடிக்கிறவரை வேலை. ஒவ்வொரு வருஷமும் இந்தக் குடியிருப்பே அதில் ஏறிப் போய்விடுமாம். அன்றைக்கு அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு லாரிக்குப் போனார்.

“எங்களுக்கு இங்க வேல இருக்குங்க. இந்தத் தடவ வரல,” என்றார். மற்றவர்களும் ஏறவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. நாங்கள் கை தட்டினோம், விசில்கூட அடித்தோம். மாலை ஜெபத்தில் சிஸ்டர் அந்த அக்காவின் துணிச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். என் கண்மை மீசைக்கு இவ்வளவு சக்தியா என்று தோழிகள் கேலி செய்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் கொஞ்சம் அப்படித்தான் நம்பினேன்.

பாதை முடியும் தறுவாயில் ஒருநாள் வெல்லத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

“ரோட்டு முடியப் போகுதுங்களேம்மா. அடுத்து எந்த மலைக்குங்க பெரட்டு?”

“பெரட்டுன்னா என்னக்கா?”

அக்காவுக்கு என் அறியாமை வேடிக்கையாக இருந்தது. பொறுமையாகச் சொன்னார். “அங்க தோட்டத்துல விடியக்காலம் தப்பு அடிப்பாங்க. எல்லாரும் களத்துல போயி வரிசையா நிப்போம். தொரையும் கங்காணியும் வந்து, நீங்க இந்த மலைக்கு, நீங்க அந்த மலைக்குன்னு பிரிச்சு விடுவாங்க. அதாங்கம்மா பெரட்டு. இங்க தப்புக்குப் பதிலா விசிலு. மேஸ்திரி வேலையெல்லாம் கொந்தரப்பும்மா, இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. பெரட்டு வேலைன்னா நெரந்தரம். லயத்துல வீடு உண்டு, அரிசி உண்டு. சம்பளம் மாசக் கடைசியில வந்துரும். இந்த நாட்டுக்கு வந்து இப்பத்தாங்கம்மா மொதமொதல்ல பெரட்டுல நிக்கிறோம்.”

பரம்பரை பரம்பரையாக அவர்களுக்கு விடியலில் சத்தம் கேட்டு வரிசையில் நிற்பதுதான் வேலை, வீடு, சோறு எல்லாம். அதே சத்தத்தை நாங்கள் ஊதியிருக்கிறோம். அதை நம்பித்தான் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மழைவரைக்குமான அவர்களுடைய சோறு திரும்பிப் போனதற்குத்தான் நாங்கள் கை தட்டியிருக்கிறோம்.

சிஸ்டரிடம் ஓடினேன். கேட்டதும் அவர் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, என்னையும் அழைத்துக்கொண்டு காய்கறி லாரி ஒன்றில் ஏறிக் கொடைக்கானலுக்குப் போனார்.

மேஸ்திரி அங்கேதான் இருந்தார். அவரோடு சண்டை போட நான் தயாராகத்தான் போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “ஏலே, டீ வாங்கியா, வெரசா வா,” என்று ஆளை அனுப்பினார். சிஸ்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“நான் என்ன செய்யட்டுங்க சிஸ்டர்? மரம் நிக்கிது, ஆள் வேணும். ஆடலூர்ப் பக்கமிருந்து குடும்பங்கள ஏத்தி அனுப்பிட்டேன். அவுங்களும் இல்லாதப்பட்ட ஜனம். பிள்ள குட்டியோட போயி குடிச போட்டுட்டாங்க. இப்பப் போயி எறங்குன்னு சொல்ல முடியுங்களா?”

முடியாதுதான். நாடகத்தில் நான் போட்ட கான்ட்ராக்டராக அவர் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! கோபப்படவாவது ஒருவர் கிடைத்திருப்பார்.

அங்கிருந்து பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கான்வென்ட்டுக்கும் எங்களோடு நடந்து வந்தார். தோட்டக்காரர் இருக்கிறார், சமையலுக்கு ஆள் இருக்கிறது, சீசனில் வாருங்கள் என்று எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். சிஸ்டர் தபாலாபீசில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து கல்லூரிக்குப் பேசினார். விடுதிச் சமையலறைக்கு ஒரு பெண் வேண்டுமானால் வரலாம், குடும்பத்தோடு தங்க இடமில்லை என்றார்கள். படுத்துக் கிடக்கும் மனிதரை விட்டுவிட்டு அந்த அக்கா எப்படி வருவார்? கடைசியில் சாமியார் குடியிருப்புக்காக ஒரு மூட்டை பால் பவுடர் ஏற்றிவிட்டார். நாங்கள் கேட்டது வேலை.

அன்று மாலை சிஸ்டர் குடியிருப்புக்குப் போனார். மறைக்காமல் சொன்னார். எங்களிடம் வேலை கிடையாது, நாங்கள் படிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவோம், உங்களைத் தப்பாக நினைக்க விட்டுவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினார். அவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். திட்டுவார்கள் என்று பயந்தேன். பிறகு, திட்ட மாட்டார்களா என்று ஏங்கினேன். ஒருவரும் திட்டவில்லை. “சரிங்கம்மா,” என்றார்கள்.

மறுநாள் கடைசி வளைவில் கல் அடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பெண்களை எழுப்புவதற்காக சிஸ்டர் விசில் ஊதினார். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. யாரும் குறையவில்லை. நான் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

“அக்கா, நேத்து சிஸ்டர் சொன்னது புரிஞ்சுதுல்ல?”

“நல்லாப் புரிஞ்சுதுங்கம்மா.”

“அப்புறம் ஏன்க்கா வந்தீங்க?”

“அங்கயும் ஒருக்கா இப்பிடித்தான் வேல இல்லன்னுட்டாங்க. நாங்க பாட்டுக்குத் தெனம் பெரட்டுல போயி நின்னோம். நின்னவங்களத்தான் பொறவு தொரை கூப்பிட்டாரு. வீட்ல ஒக்காந்தவங்களுக்குத்தான் இல்லாமப் போச்சு.” பிறகு சிஸ்டரைக் கண்ணால் காட்டி, என் கையைத் தட்டிக்கொடுத்தார். “நீங்க வெசனப்படாதீங்கம்மா. பெரியம்மாவுக்கு நல்ல மனசு.”

நான் பொருளாதார மாணவி. வேலையின்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கங்களில் ஒன்றும் பயன்படவில்லை. அழுகை வந்தது. யார் மேல் என்றே தெரியாத கோபம் வந்தது. மண்வெட்டியை எடுத்து மண்ணைக் கொத்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கல்லூரியின் மண்வெட்டிகளைத் திருப்பி வாங்கினோம். அக்கா தன்னுடையதை ஓடையில் கழுவித் துடைத்துக் கொடுத்தார். சிஸ்டர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். காலையில் சத்தமில்லாமல் கிளம்பிவிட வேண்டும் என்று எங்களிடம் சொன்னார். திருடர்கள் மாதிரிப் போகப் போகிறோமே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வேறு வழி கேட்டால் எனக்கும் தெரியாது.

ஞாயிறு விடியலில் பஸ் வந்து நின்றது. படுக்கைச் சுருட்டுகளோடு வெளியே வந்தோம். பனிக்குள் நாங்கள் வெட்டிய பாதையில் அவர்கள் நின்றார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எல்லாருடைய கையும் வெறுங்கை. ஆண்கள் வரிசையின் கடைசியில் அக்காவின் கணவர். கம்பளியில் வைத்துத் தூக்கிவந்து, ஒரு கல்லில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவரும் முதுகை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மூச்சு வாங்கச் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்.

“விசில் சத்தமே கேக்கலைங்கம்மா. நேரமாயிருச்சோன்னு வெள்ளனவே ஓடியாந்தோம்.”

சிஸ்டரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. எங்களை ஏறச் சொல்லி டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்கு வரிசை நிமிர்ந்து நின்றது.